லிஃப்டில் கேட்ட வைத்தியம்

வெளிநாட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பெரிய அடுப்பின் வாய்க்கு எதிரே நின்று தட்டு இழுக்கிறவனுக்கு, தங்கியிருக்கும் அறையில் ரொட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது.

ரொட்டிக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் விமானம் ஏறினான். அதன்பின் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. மூன்று முறை போய் வந்துவிட்டான். எல்லாம் கூட்டினாலும் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது நூற்றுப் பத்து நாள்தான். ஆனால் சொந்தக்காரர்கள் யாரும் அப்படிக் கூட்டிப் பார்க்கவில்லை. "அஞ்சு வருஷமாச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அவன் மனைவியைத்தான் குடைந்தெடுத்தார்கள்.

அறையில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில்கள். ரொட்டிக்கு மேல் கட்டிலில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற மாமா. நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் அறைக்கு அவர்தான் மூத்தவர். எதிர்க் கட்டிலில் டாக்டர்; அதுவும் அறை வைத்த பெயர்தான். அவர் இப்போது கிடங்கில் மூட்டை அடுக்குகிறார். அதற்கு முன் இரண்டு வருடம் ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கியவர். மூன்றாவது மாடியில் ஏறுகிற டாக்டர்கள் ஐந்தாவது மாடியில் இறங்கும்வரை பேசுவதையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர். அவர் வைத்தியத்தில் இருந்த ஒரே குறை, எந்தப் பேச்சுக்கும் தலையும் வாலும் அவரிடம் இல்லை என்பதுதான். நடுத்துண்டு மட்டும் இருக்கும்.

முதல் லீவுக்குக் கிளம்பும்போது அவர் ரொட்டியைத் தனியே கூப்பிட்டு, போனவுடன் அவசரப்படக் கூடாது, இருபது நாளாவது சேர்த்து வைத்தால்தான் வீரியம் கூடும் என்று சொல்லி அனுப்பினார். ரொட்டி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஒன்றரை வருடம் கழித்து வந்த புருஷன், முதுகுவலி என்று சொல்லி இருபது நாள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். மனைவி இருபது நாளும் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். இருபத்தோராம் நாள் அவனுக்கு முதுகு சரியானபோது அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அது முடிந்து பெட்டி கட்டவே நேரம் சரியாக இருந்தது.

இரண்டாம் லீவுக்கு டாக்டர் பச்சை முட்டை சொன்னார். எத்தனை என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அன்று லிஃப்ட் கதவு திறந்திருக்க வேண்டும். ரொட்டி நாளுக்கு எட்டு குடித்தான். லீவில் பாதி கழிப்பறையிலேயே போயிற்று. மூன்றாம் லீவில் இடுப்புக்கு இறுக்கமாக உடுத்தினால் சக்தி வெளியே சிதறாது என்ற யோசனையைக் கடைப்பிடித்து, முப்பது நாளும் மூச்சு முட்டத் திரிந்தான்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மனைவி போனில் விஷயத்தைச் சொன்னாள். அவள் லேடி டாக்டரிடம் போயிருக்கிறாள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லையாம். புருஷனுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அறை அன்று சாப்பிடவே மறந்தது. ஆம்பளைக்கு என்ன டெஸ்ட் என்று மாமா கொதித்தார். தம்முடைய நான்கு பிள்ளைகளும் எந்த டெஸ்டும் இல்லாமல்தான் பிறந்தார்கள் என்பதை இரண்டு முறை சொன்னார். ரொட்டிக்கும் உள்ளூர உதறல்தான். ஆம்பளையே இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, டெஸ்ட்டெல்லாம் வேண்டாம், இது நாள் விஷயம் என்றார். இரண்டு லேடி டாக்டர்கள் பேசும்போது 'பதினாலாவது நாள்தான் முக்கியம்' என்று சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எதிலிருந்து பதினாலாவது என்பதற்குள் ஐந்தாவது மாடி வந்துவிட்டது. பொதுவாக எந்த வேலையும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது ஆரம்பிக்கும் என்பதால், மாதவிலக்கு முடிந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அறை ஏகமனதாக முடிவு செய்தது.

முடிந்த நாள் எது என்று மனைவியிடம் கேட்க வேண்டும். ஐந்து பேர் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையில் எப்படிக் கேட்பது? ரொட்டி பூடகமாகக் கேட்டான்.

"வீட்ல கரண்ட் எப்பப் போச்சு?"

"இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு."

"எத்தன நாளா?"

"அது தினமும்தான் போகுது. ஒரு மணி நேரம் இருக்கும், அப்புறம் வந்துடும்."

ரொட்டி போனைப் பொத்திக்கொண்டு திரும்பிச் சொன்னான். டாக்டர் முகம் இருண்டது. இப்படி ஒரு கேஸைத் தாம் மூன்றாவது மாடியிலும் கேட்டதில்லை, ஐந்தாவது மாடியிலும் கேட்டதில்லை என்றார்.

மறுநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் ரொட்டி நேரடியாகவே கேட்டுத் தேதியை வாங்கினான். அதிலிருந்து எண்ணி, அடுத்த நான்கு மாதத்துக்கும் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். நான்காவது மாதத்து வட்டம் பேக்கிங் பிரிவில் இருந்த அறைக்காரனின் லீவுக்குள் விழுந்தது. அவன் பெரிய மனது பண்ணி அந்த லீவை ரொட்டிக்கு மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தான். அறை முழுக்க ஒரு கல்யாணக் களை வந்துவிட்டது. காலையில் பல் துலக்கப் போகிறவன் எவனாக இருந்தாலும் காலண்டரைப் பார்த்து ஒரு நாளைக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் போவான்.

எல்லாம் வீடியோ காலில் உடைந்தது. வெள்ளிக்கிழமை மனைவி அழைத்தபோது ரொட்டி அவசரத்தில் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

"பின்னால என்ன காலண்டர்ல வட்டம் வட்டமா போட்டிருக்கு?"

ரொட்டி வாயைத் திறப்பதற்குள் மேல் கட்டிலிலிருந்து மாமாவின் தலை தலைகீழாகத் தொங்கியது.

"அது உன் நாளும்மா. நாங்க எல்லாருமா எண்ணிதான் போட்டோம்," என்றார் அன்பாக.

போன் இருண்டது. இரண்டு நாள் அவள் எடுக்கவே இல்லை. ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு தட்டு பிஸ்கட்டைக் கரியாக்கினான். தன் பெண்டாட்டியின் உடம்புக் கணக்கை ஐந்து ஆண்கள் பல் துலக்கிக்கொண்டே பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அறைக்கு வந்து காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டான்.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். குரல் நிதானமாக இருந்தது. போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைக்கச் சொன்னாள். ஆறு பேரும் கட்டில் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

"என் நாள ஊரே எண்ணியாச்சு. எண்ணினதாவது சரியா எண்ணக் கூடாதா? முடிஞ்ச நாள்லேருந்து இல்ல, ஆரம்பிச்ச நாள்லேருந்து எண்ணணும். அதுவும் எல்லாருக்கும் பதினாலு கிடையாது. எனக்குச் சுத்து கொஞ்சம் நீளம், பதினேழு பதினெட்டு ஆகும்னு லேடி டாக்டர் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி அஞ்சாறு நாளும் சேர்ந்துதான் கணக்கு. நீங்க வட்டம் போட்ட அன்னைக்கு வந்திருந்தா எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்."

டாக்டர் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. நான் மூணு தடவ டெஸ்டுக்குப் போய்ட்டு வந்துட்டேன். ஊசி குத்தினாங்க, படுக்கப் போட்டாங்க, எல்லாம் தாங்கிக்கிட்டேன். இவரு ஒரு டப்பாவ கையில வாங்கப் பயப்படறாரு. அண்ணே, நீங்கதானே பெரியவரு. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

மாமா, "சரிம்மா," என்றார். அவர் வேறெதையும் சொல்ல முடிகிற நிலையில் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் மாமாவும் ரொட்டியும் கிளினிக்குக்குப் போனார்கள். சாம்பிள் கெட்டுப் போகக் கூடாது என்று டாக்டர் ஒரு பை நிறைய ஐஸ் கொடுத்தனுப்பியிருந்தார். பஸ்ஸில் அது உருகி மாமாவின் கால்சட்டையை நனைத்துவிட்டது. உள்ளே நம்ம பாஷை பேசுகிற நர்ஸ் ஒருவர் இருந்தார். நனைந்த மாமாவையும் பையையும் பார்த்தார். ஐஸ் எதற்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பக்கத்து அறைக்குப் போய்ச் சற்று நேரம் இருமிவிட்டு வந்தார். பிறகு, அதற்குக் குளிரே ஆகாது என்று சொல்லி, ரொட்டியிடம் டப்பாவையும் ஓர் அறைச் சாவியையும் கொடுத்தார். அத்தனை பயந்த காரியம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

முடிவு வந்ததும் நர்ஸ் அவனை எதிரே உட்காரவைத்து நிறையக் கேட்டார். என்ன வேலை, எத்தனை மணி நேரம், சிகரெட் உண்டா, என்ன உடுத்துவாய். பிறகு பொறுமையாகச் சொன்னார். உயிரணு இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு. நாள் முழுக்க அடுப்பு வெக்கையில் நிற்பதும் காரணமாக இருக்கலாம், சிகரெட்டும் காரணமாக இருக்கலாம். அனல் இல்லாத வேலை கிடைத்தால் மாறிக்கொள், சிகரெட்டை விடு, தளர்வாக உடுத்து. புதிதாக ஊறி வர மூன்று மாதம் போல ஆகும், அப்போது வா, மறுபடி பார்க்கலாம். சேர்த்து வைப்பதால் வீரியம் கூடிவிடாது, பழசாகத்தான் போகும். இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி போடுகிறவனை ஆம்பளை இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

அன்று ரொட்டி அறையில் வைத்துப் போன் பேசவில்லை. கம்பெனிக்குப் பின்னால் காலி மரத்தட்டுகள் அடுக்கிய இடத்தில் தனியாக உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"குறை என்கிட்டதான்," என்றான்.

"சரியாகும்னாங்களா?"

"ஆகலாம்னாங்க. இன்னொண்ணு சொல்லணும். அந்த முதுகுவலி... அப்ப எனக்கு முதுகு வலிக்கவே இல்ல. சேத்து வெக்கச் சொன்னாங்க."

"இருபது நாளுமா?"

"ஆமா."

"நான் என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன். தைலம் தேச்சிட்டு உள்ள போயி அழுவேன். தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவள்தான் முதலில் சிரித்தாள். அந்தத் தைலப் பாட்டில் ஒவ்வொன்றும் தீரத் தீரத் தான் தெருமுனைக் கடைக்கு நடந்ததைச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனும் மரத்தட்டின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தான்.

மேற்பார்வையாளர் வேலை மாற்றம் எதற்கு என்று கேட்டபோது ரொட்டி எதையும் மறைக்கவில்லை. அந்த மனிதருக்கும் கல்யாணமாகி எட்டு வருடமாம். கதவைச் சாத்திவிட்டு அந்த கிளினிக் முகவரியைக் குறித்துக்கொண்டு, ரொட்டியைப் பேக்கிங்குக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

கிளினிக்கில் நனைந்த கால்சட்டையோடு காத்திருந்த மாமாவும் அன்று சும்மா திரும்பி வரவில்லை. நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று அவர் மனைவி கெஞ்சி வருடம் இரண்டு ஆகியிருந்தது. ஆண்களுக்கான ஆபரேஷன் செய்துகொண்டால் பிறகு கனமாக எதையும் தூக்க முடியாதாமே என்று நர்ஸிடம் மெல்லக் கேட்டார். அது பொய் என்று சொன்ன நர்ஸ், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஃபோர்க்லிஃப்ட் என்றார் மாமா. தூக்குவது வண்டிதானே என்றார் நர்ஸ். அடுத்த மாதமே மாமா அதைச் செய்துகொண்டு, ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். அதன்பின் அந்த ஆபரேஷனைப் பற்றி அவர் பேசாத ஆள் கிடங்கில் இல்லை.

மூன்று மாதத்தில் ரொட்டியின் எண்ணிக்கை கூடியிருந்தது. லீவுக்குப் போனான். அந்த லீவில் கரு தங்கவில்லை. இந்த முறை யாரும் யாரையும் நோகவில்லை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்து எட்டே மாதத்தில் மறுபடி போனான். இரண்டு மாதம் இருந்தான். திரும்பி வந்த மூன்றாம் வாரம் பேக்கிங் வரிசையில் நிற்கும்போது, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று மனைவியிடமிருந்து போன் வந்தது. அன்று நாற்பது பெட்டி பிஸ்கட் லேபிள் இல்லாமல் போயிற்று.

பெண் குழந்தை. அவன் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு நான்கு மாதம். மீசையைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். அன்று மாலையே மீசையை எடுத்தான். இன்னும் பலமாக அழுதாள். ஆறு நாள் வரை அவன் தூக்கினால் அழுகை, கீழே விட்டால் அமைதி. ஏழாம் நாள் காலை, வேறு வழியில்லாமல் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மனைவி வந்து எடுக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கை மரத்துப் போகும்வரை அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.