ராமக்காள் வீட்டுக்குள் வராத வாசம்

மழை இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலையில் சோலையம்மாள் வீட்டு மருதாணி பூத்தது. அதன் வாசம் டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தெருவின் முப்பத்தொரு வீடுகளுக்குள்ளும் போனது. முப்பத்திரண்டாவதான ராமக்காள் வீட்டு வாசற்படியில் மட்டும் நின்றுகொண்டது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான் இருந்தது.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், ராமக்காள் மூத்தவள். மருதாணிக் கன்றுகளை ஒரே நாளில் ஒரே சந்தையில் வாங்கினார்கள். ராமக்காள் தன் செடிக்குத் தினமும் இரண்டு குடம் ஊற்றினாள். லாரித் தண்ணீர் வராத நாட்களில் தான் குளிக்காமல் ஊற்றினாள். செடி கூரை ஓட்டைத் தொட்டது, இலை கருகருவென்று தழைத்தது, மொட்டு ஒன்றுகூட வைக்கவில்லை. “ஆட்டுக்குப் போடுங்க மதினி, பாலாச்சும் கூடும்” என்றார் டீக்கடைச் சங்கிலி.

ராமக்காளின் கணவர் விருமாண்டி நூற்பாலையில் இருபத்தெட்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவர். ஓய்வு பெற்ற பின் அவருக்கு இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை. தலையணைக்கடியில் மருதாணிப்பூ வைத்தால் தூக்கம் வரும் என்று சோலையம்மாள் ஒரு சம்படம் நிறையக் கொடுத்தாள். வாசற்படியைத் தாண்டியதும் அது தவிடு போல மணமற்றுப் போனது. வெளியே எடுத்துவந்தால் மறுபடி மணத்தது. மூன்றாம் நாள் விருமாண்டி தலையணையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். காலை பத்து மணிக்குப் படுத்தவர் மாலை நான்கு மணிக்கு எழுந்தார். அதன்பின் தினமும் போனார். மூன்று கோடை கழிந்தது. தெரு பழகிக்கொண்டது. ராமக்காள் வீட்டுக்கு விருந்து வருபவர்கள் படியில் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மழையில்லாத அந்தக் காய்ச்சலில் செடி எப்படிப் பூத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சோலையம்மாள் ஒரே பதிலைச் சொன்னாள். “எல்லாம் எங்கக்கா கைராசி. மக பிரசவத்துக்கு வண்டியூர்ல ரெண்டு மாசம் கெடந்தேன்ல, அம்புட்டு நாளும் அவுகதேன் தண்ணி ஊத்துனாக.” அதைக் கேட்கும்போதெல்லாம் ராமக்காள் ஏதோ அடுப்பில் வைத்தவள் போல உள்ளே போய்விடுவாள்.

இந்தச் சித்திரையில் விருமாண்டி தன் சாப்பாட்டுத் தட்டையும் கையில் எடுத்தார்.

“சோத்தயும் அங்கயே தின்னுக்கிறேன். வந்து போறதுல தூக்கம் கலைஞ்சிருது.”

ராமக்காள் சுவரோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் சோலையம்மாள் உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. நீங்க வளத்த செடி, நீங்கதேன் கிட்டயே வாரதில்ல.”

“சோலை, நீ வண்டியூர் போயிருந்தப்ப நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல. பட்டுப்போகட்டும்னுதேன் விட்டேன்.”