வாங்கில் நீந்தியவர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதையில் கடலாக நடித்தது நான்தான்.

ஓலைத்தொடுவாயில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம்.* யுத்தம் முடிந்து நாலாவது வருசம். நான் அங்கே தமிழ் படிப்பித்தேன். றோஸ்மேரி ரீச்சர் என்றால் தெரியும். பத்தாம் வகுப்பு உடற்கல்விப் புத்தகத்தில் ஆறாவது பாடம் நீச்சல். செய்முறைக்கு நாற்பது புள்ளி. பள்ளிக்கூடத்தின் பின்மதிலைத் தாண்டினால் இருநூறு அடியில் கடல். ஆனால் மாணவரைக் கடல், குளம், கிணறு எதற்கும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தது. நீச்சல் பாடத்தைக் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று இன்னொரு சுற்றுநிருபமும் இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

உடற்கல்வி ஆசிரியர் கனகரத்தினம் சேர் இரண்டுக்கும் கீழ்ப்படிந்தார். வலைப்பந்து மைதானத்தில், வகுப்பில் பிள்ளைகள் இருக்கிற மர வாங்குகளில் நாலைப் போட்டு, பிள்ளைகளை அதில் குப்புறப் படுக்க வைத்து, கையை வீசு, காலை அடி என்று நீந்தப் பழக்கினார். எல்லாம் சரிவந்தது. மூச்செடுக்கும் பகுதிதான் சிக்கல். தண்ணீர் இல்லாமல் எப்போது தலையைத் திருப்புவது? எனக்கு அந்த நேரம் பாடம் இல்லை. என் கையில் ஒரு வாளி தண்ணீரும் மொண்டு ஊற்ற ஒரு பேணியும் தந்தார்.

"கடல் மாதிரி ஊத்துங்கோ ரீச்சர். மூண்டு தரம் கை வீசினாப் பிறகு ஒருக்கா."

நான் ஊற்றினேன்.

* (தேடவும் வேண்டாம். நீங்கள் கண்டுபிடிப்பது வேறு பள்ளிக்கூடமாக இருக்கும்.)

2

இதற்கு முன்னர் எழுதிக் கிழித்த தொடக்கங்கள் சில உண்டு.

"அன்று கடல் மிகவும்" – கடலை வர்ணிக்கத் தொடங்கினால் நான் நாலு பக்கத்துக்கு நிறுத்த மாட்டேன். விட்டேன்.

"கனகரத்தினம் ஒரு மடையன் என்று ஊரே" – இது பொய். அதனால் விட்டேன். அடம்பனில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை அவர். நல்ல ஓட்டக்காரர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அதை மறைக்கவும் இல்லை. "நான் நீச்சலைப் புத்தகத்தில இருந்துதான் பழகினனான் ரீச்சர். புத்தகத்தில பிழை இல்லை" என்பார். வேலைக்கு வந்து மூன்றாம் வருசம். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பாடம் குறைந்தாலும் ஆகாது.

உடற்கல்வி வகுப்பில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையாகவே இதை எழுத நினைத்தேன். என் காலத்தில் எங்களுக்குப் பந்து இல்லை. ஒரு வருசம் முழுக்கப் பந்தில்லாமல் வலைப்பந்து பழகினோம். இல்லாத பந்தை எப்படிப் பிடிப்பது என்று இன்றைக்கும் எனக்கு வடிவாகத் தெரியும். உள்ள பந்து வந்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவேன். கட்டுரை அதற்கு மேல் போகவில்லை. கதைக்கு வருகிறேன்.

3

செய்முறைப் பரீட்சை. முதலில் செலீனா. கடற்றொழில் செய்யும் யாகப்பரின் மகள், பதினைந்து வயது. வாங்கில் படுத்தாள். கையை வீசினாள். நான் ஊற்றினேன். தலையைத் திருப்பவில்லை. திரும்ப ஊற்றினேன். ஒன்பது பேணி ஊற்றியும் அவள் முகத்தைக் கீழேயே வைத்திருந்தாள்.

"மூச்செடுக்கேல்லை" என்றார் சேர்.

"தேவைப்படேல்லை சேர்."

காலும் புத்தகத்தில் உள்ள மாதிரி இல்லை. நாற்பதுக்குப் பதினொன்று.

அடுத்தது சிவலட்சுமி. பெரியமடுக்காரி. தாய் எங்கள் ஊருக்கு மருத்துவிச்சியாக மாற்றலாகி வந்தவ. கடலை அவள் பார்த்தது பஸ்ஸுக்குள் இருந்தும் பள்ளிக்கூட மதிலுக்கு உள்ளே இருந்தும்தான். ஆனால் ஆறாம் பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். கை, கால், தலை, மூச்சு எல்லாம் படத்தில் உள்ளபடி. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. பின்னல் அவிழ்ந்ததால் இரண்டு புள்ளி குறைந்தது.

[இந்த இடத்தில் சிவலட்சுமியை எனக்கே நம்ப முடியவில்லை. தண்ணீரில் கால் வைக்காத ஒருத்தி தனக்கு நீந்தத் தெரியும் என்று உண்மையாகவே நினைப்பாளா? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு யோசித்தேன்: வாழ்க்கையில் ஒரு கடிதமும் வந்திராத பிள்ளைகளுக்கு நான் அமைச்சருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதப் பழக்குகிறேன். பத்துக்கு ஒன்பது எடுக்கிற பிள்ளை, தனக்கு அமைச்சரோடு பேசத் தெரியும் என்றுதானே நினைக்கும். சிவலட்சுமி இருக்கட்டும்.]

4

புள்ளிப் பத்திரம் வீட்டுக்குப் போன மறுநாள் காலை யாகப்பர் வந்தார். தொழில் முடித்துக் கடலிலிருந்து நேரே வந்திருந்தார். சாரத்தில் உப்புக் காய்ந்திருந்தது. சத்தம் போடவில்லை.

"சேர், என்ர மகளுக்கு நீந்தத் தெரியாதெண்டு எழுதியிருக்கிறியள்."

"தெரியாதெண்டு எழுதேல்லை ஐயா. போதாது எண்டுதான் எழுதினனான்."

"போன வரியம் எங்கட வள்ளம் கவிண்டது. அவ ஒரு மைல் நீந்திப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தவ. அதுக்கு எவ்வளவு புள்ளி?"

சேர் புத்தகத்தைத் திறந்தார். கேலிக்கு இல்லை, உண்மையாகவே தேடினார். "அதுக்கு இதில இடமில்லை ஐயா."

யாகப்பர் மைதானத்தைப் பார்த்தார். "அப்ப என்னையும் ஒருக்காச் சோதியுங்கோ."

ஐம்பது வயது மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாங்கில் குப்புறப் படுத்தார். நான் வாளியோடு போனேன். நாலு வகுப்பு யன்னலாலும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சேர் சலுகை காட்டவில்லை.

"கால் தண்ணிக்கு வெளியில போகுது. மூச்சை ரெண்டு பக்கமும் எடுக்கிறியள். ஒம்பது."

யாகப்பர் எழும்பி முகத்தைத் துடைத்தார். "அப்ப நான் முப்பது வரியமாத் தண்ணிக்கடியில தாண்டுகொண்டுதான் இருந்திருக்கிறன்" என்றார். புள்ளியை ஒரு தாளில் எழுதி வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

நான் சிரிக்கவில்லை. எழுதும்போதும் சிரிக்கவில்லை.

5

மூன்று கிழமையில் ஒரு கடிதம் வந்தது. மாகாண நீச்சற் போட்டிக்கு, செய்முறைப் புள்ளி அடிப்படையில், எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து சிவலட்சுமி தெரிவாகியிருக்கிறாள். வேறு மாவட்டத்தில், நிசமான நீச்சல் தடாகத்தில், ஐம்பது மீற்றர். இன்னும் பத்தொன்பது நாள்.

சேர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அன்றைக்கே மறுப்புக் கடிதம் எழுதி, தமிழைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தார். "மேற்படி நீச்சலானது தண்ணீரில் நடைபெறவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அதிபர் வாசித்துவிட்டு, "இது போனா உங்கட வேலையும் போகும், என்ர அதிபர் கதிரையும் போகும்" என்றார். சேர் அதற்கும் துணிந்திருந்தார். ஆனால் சிவலட்சுமியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் கேட்டாள்:

"நீங்கள்தானே சேர் முப்பத்தெட்டுப் போட்டனீங்கள். அப்ப அது பொய்யோ?"

"பொய்யில்லை பிள்ளை."

"அப்ப எனக்கு நீந்தத் தெரியும். தண்ணி மட்டும்தான் புதுசு."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னிடம், "செலீனாவிட்டக் கேப்பமோ?" என்றார். நான்தான் போய்க் கேட்டேன்.

"எனக்கு நீந்தத் தெரியாது ரீச்சர்" என்றாள் செலீனா. "பேப்பரில இருக்கு."

6

இங்கே யாரோ மூழ்கப்போகிறார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில் சேர் ஆழத்தில் விழுகிறார், செலீனா பாய்கிறாள், யாகப்பர் அழுகிறார். வாசித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது அப்படியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சிவலட்சுமி தனியாகக் கடலுக்குப் போனாள். புத்தகத்தை மணலில் விரித்து, பறக்காமல் இரண்டு பக்கமும் செருப்பை வைத்தாள். இடுப்பளவு தண்ணீருக்கு நடந்து போய், குப்புற விழுந்து, கையை வீசிக் காலை அடித்தாள். ஒரு பிழையும் விடாமல் அப்படியே தண்ணீருக்கடியில் தாண்டுபோனாள்.

பூசை முடிந்து வந்துகொண்டிருந்த செலீனா கண்டாள். கோயிலுக்குப் போட்ட சட்டையோடு இறங்கிப் பின்னலில் பிடித்துத் தூக்கினாள்.

"எழும்பி நில்லடி. இடுப்பளவுதானே."

சிவலட்சுமி எழும்பி நின்றாள். மூக்காலும் வாயாலும் தண்ணீர் வந்தது. "புத்தகத்தில நிக்கச் சொல்லி இல்லை" என்றாள், இருமிக்கொண்டே. பிறகு அழத் தொடங்கினாள். பயத்தில் இல்லை. முப்பத்தெட்டுக்காக அழுதாள். செலீனாவுக்கு அது விளங்கியது. அவளும் பதினொன்றுக்காக ஒரு முழு இரவு அழுதவள்.

விசயம் கேள்விப்பட்டு அன்று பின்னேரம் சேரும் நானும், செலீனா சிவலட்சுமிக்கு நீந்தப் பழக்க யாகப்பரிடம் அனுமதி கேட்கப் போனோம். தேத்தண்ணி தந்தார். யோசித்துச் சொன்னார்:

"எனக்கு ஒம்பது. மகளுக்குப் பதினொண்டு. இந்த வீட்டில அவதான் என்னைவிட வடிவா நீந்துறவ. அவவிட்டயே கேளுங்கோ."

செலீனா ஓம் என்றாள்.

7

சுற்றுநிருபம் மாணவரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவதைத்தான் தடுத்தது. அவர்கள் தாங்களாகப் போகும்போது ஆசிரியர் அந்தப் பக்கம் நிற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு சேர் கரையில் நின்றார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பார்த்தால் கூட்டி வந்ததாகிவிடும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் நான் கடலைப் பார்த்தபடி நின்று, நடப்பதைச் சொன்னேன்.

"இப்ப என்ன ரீச்சர்?"

"செலீனா கையை விட்டிட்டா."

"சிவலட்சுமி?"

"காணேல்லை."

அவர் கழுத்து திரும்பப் பார்க்கும், திரும்பாது.

"வந்திட்டா. துப்புறா."

மூச்சை விட்டார். (நான் கதை சொல்லப் பழகினது இப்படித்தான்.)

பெரிய கரைச்சல் ஒன்று இருந்தது. செலீனாவுக்குத் தான் எப்படி நீந்துகிறாள் என்று சொல்லத் தெரியாது. "நீ எப்பிடி நடக்கிறாய் எண்டு எனக்குச் சொல்லு பாப்பம்" என்றாள். அதனால் சிவலட்சுமி புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல, செலீனா அதைத் தண்ணீரில் செய்து பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு விபரீதம் நடந்தது. நாலு வயதிலிருந்து நீந்துகிற செலீனா தாண்டுபோனாள். கழுத்தளவுத் தண்ணீரில், நான் பார்த்துக்கொண்டிருக்க. சிவலட்சுமிதான் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"காலை எங்க வைக்கிறதெண்டு யோசிச்சனான் ரீச்சர்" என்றாள் வெளியில் வந்து. அவள் அப்படிப் பயந்து நான் முன்னர் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். செலீனா யோசிக்கக்கூடாது. சிவலட்சுமி யோசிக்கலாம், ஆனால் வாய்க்குள் தண்ணீர் வந்தால் நிறுத்திவிட வேண்டும். பத்தாம் நாள் சிவலட்சுமி மிதந்தாள். பதினாறாம் நாள் ஒரு வள்ளத்திலிருந்து அடுத்த வள்ளம் வரை போனாள். சேருக்கு நான் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று செலீனாவைக் கூப்பிட்டு, புள்ளியை நாற்பதாக மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம் சேர். அப்பாவைவிட ரெண்டு கூட இருக்கு. அதுவே எனக்குக் காணும்."

8

போட்டி. பதிவுத் தாளில் பயிற்றுநர் என்ற இடத்தில் சேர் "யா. செலீனா" என்று எழுதினார். மேசையில் இருந்த உத்தியோகத்தர் பள்ளிக்கூடச் சட்டையில் நின்ற பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"இவவோ?"

"ஓம். இவதான்."

"அப்ப நீங்கள் ஆர்?"

சேர் கொஞ்சம் யோசித்தார். "நான் வாங்குக்கு" என்றார்.

விசில் அடித்தது. ஆறு பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஐந்து பேர் ஒரு நிமிசத்துக்குள் முடித்தார்கள். சிவலட்சுமி பாதியில் இருந்தாள். அடுத்த போட்டிக்காரர் துவாயோடு வந்து நின்றார்கள். ஆழமான இடத்தில் அவள் நின்றுபோனாள். முதலில் தோள் மறைந்தது, பிறகு முகம், பிறகு தலைமயிர். சேர் ஒரு சப்பாத்தைக் கழற்றினார். நீந்தத் தெரியாத மனிதர் சப்பாத்தைக் கழற்றி என்ன செய்ய நினைத்தார் என்று நான் பின்னர் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

செலீனா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "பொறுங்கோ சேர்."

[இந்த இடத்தில் ஒரு பிரதியில் சிவலட்சுமியை முதலாவதாக வரச் செய்தேன். இன்னொன்றில் அவள் வரவே இல்லை. அதை எழுதிய தாளை வீட்டில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை, அடுப்பில் போட்டேன்.]

அவள் மேலே வந்தாள். தலையை வலப்பக்கம் திருப்பி, ஆறாம் பாடத்து இரண்டாம் படத்தில் உள்ளபடி மூச்செடுத்தாள். கையை வீசினாள். மூன்று நிமிசம் பன்னிரண்டு செக்கனில் சுவரைத் தொட்டாள். கடைசி. சேர் ஒற்றைச் சப்பாத்தோடு சீமெந்துத் தரையில் குந்தி இருந்துவிட்டார். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"தண்ணி நான் நினைச்ச மாதிரி இல்லை ரீச்சர்" என்றாள் சிவலட்சுமி, பல்லு நடுங்க. "ஆனா மோசமில்லை."

9

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு லொறி வந்தது.

தடாகம் இல்லாத பள்ளிக்கூடம் ஒன்று மாகாணப் போட்டியில் ஐம்பது மீற்றரை முடித்ததை மேலிடம் கவனித்திருக்கிறது. பாராட்டுக் கடிதம் ஒன்று. நீச்சல் வளர்ச்சிக்கென்று பன்னிரண்டு புது வாங்குகள். இந்த முறையை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் சேரே போய்ப் பழக்க வேண்டுமாம். நியமனமும் நிரந்தரமாகும்.

லொறிக்காரர் சரிபுதீன் தாளை நீட்டினார். "கெதியா சேர். எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகோணும்."

தாளில் இரண்டு வரி. ஒன்று: பெற்றுக்கொண்டேன், கையொப்பம். மற்றது: ஏற்கவில்லை, காரணம். காரணத்துக்கு விட்டிருந்தது ஒரே ஒரு கோடு. அடுத்த வருசப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் லொறியில் ஏறி, வாங்குகளில் படுத்துக் காலை அடித்துக்கொண்டிருந்தார்கள். செலீனாவும் சிவலட்சுமியும் விறாந்தையில் நின்றார்கள்.  சேர் என்னிடம் பேனை வாங்கினார்.

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். கையெழுத்துப் போட்டார் என்று எழுதினால் நீங்கள் அவரைக் கோழை என்பீர்கள். அவருக்கு வீட்டில் மூன்று தங்கச்சிமார். போடவில்லை என்று எழுதினால் வீரன் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். பிறகு அந்தக் காரணத்தை யார் எழுதுவது? தமிழ் ரீச்சர் நான் பதினொரு தரம் எழுதிப் பார்த்தேன். ஒரு கோட்டுக்குள் அடங்கவில்லை.

லொறி இன்னும் இரைந்துகொண்டுதான் நிற்கிறது. நீங்கள் ஒருக்கா முயற்சி செய்து பாருங்கோ.

ஏற்கவில்லை. காரணம்: ..............................