அவுக மறக்கல

என் வீட்டுக்காரரை மறதிக்காரர் என்று இனிமேல் எவராவது சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவர் பெயர் சோணைமுத்து. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தவர். மணிக்கு ஒருமுறை பாய்லரின் அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து நாலு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதுவார்கள். இவர் டீயைப் பாய்லர் பக்கத்திலேயே வரவழைத்துக் குடிப்பார். வீட்டிலும் அதே கதைதான். நான் அணைத்துவிட்ட கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன ஐப்பசியில் முதுகு வலி என்றார். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், கேட்கவில்லை. கடைசியில் மதுரையில் எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு மைலோமா என்றார்கள். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகையாம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் நிதானமாக, "அடுத்து என்ன செய்யணும் சார்?" என்று கேட்டார்.

வாரம் ஒரு ஊசி. காரைக்குடியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள ஏற்பாடானது. வயிற்றில் தோலுக்கடியில் போடுவார்கள், ஒரு வாரம் வலப்பக்கம், மறு வாரம் இடப்பக்கம். எந்தப் பக்கம் போட்டது என்று நர்ஸ் சத்தியப்பிரியா ஒரு அட்டையில் எழுதுவாள். ரத்தம் சோதித்த சீட்டைப் பார்க்காமல் மருந்தைக் கையில் எடுக்க மாட்டாள். தேவகோட்டைப் பெண். படபடவென்று பேசுவாள்.

"அக்கா, இங்குட்டு வாங்க. காய்ச்சல் அடிச்சா வீட்டுல வச்சுப் பாக்கக் கூடாது, அன்னைக்கே கூட்டியாரணும். காலு மரத்துப் போனாச் சொல்லணும். இந்த வெள்ளை மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஊசி போடுறவகளுக்கு ஒடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு அம்மை, அக்கி வந்துரும். அது வராமத் தடுக்கத்தான் இது. ஒரு நாள்கூட விட்றாதீக."

அவர் எல்லாவற்றையும் பாய்லர் நோட்டுப் போல எழுதிக்கொண்டார். கால் மரத்ததைச் சொன்னார், மருந்தின் அளவைக் குறைத்தார்கள். பத்தாவது ஊசிக்குப் பிறகு டாக்டர் முத்துராமன் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். நோய் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. பஸ்ஸில் வரும்போது, "வைகாசியில வேலைக்குப் போயிருவேன் பாண்டி" என்று என்னிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

நோய் தெரிந்த அன்றே எங்கள் தெரு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். இவரை எழுப்பி உட்கார வைத்துவிடு, பங்குனியில் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. அவளும் எழுப்பிவிட்டாள். பங்குனியில் மஞ்சள் துணி உடுத்தி, கையில் காப்புக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனபோதுதான் அந்த நினைப்பு வந்தது.

அம்மை என்றால் எங்களுக்கு வியாதி இல்லை. அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வோம். வாசலில் வேப்பிலை செருகுவோம், தாளிக்க மாட்டோம், மருந்து கொடுக்க மாட்டோம். அவளுக்குக் காப்புக் கட்டிய இந்தக் கையால், அவளை வராதே என்று தடுக்கும் மாத்திரையை எப்படிக் கொடுப்பது? விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி அல்லவா? ஊசியை நான் நிறுத்தவில்லை. மற்ற மாத்திரைகளை நிறுத்தவில்லை. அந்த ஒன்றை மட்டும், பால்குடம் முடியும் வரை பத்து நாளைக்கு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். சத்தியப்பிரியாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது.

அவர் விடவில்லை.

"வெள்ளை மாத்திரை எங்க பாண்டி?"

"டாக்டரு நிப்பாட்டச் சொல்லிட்டாரு."

"எப்பச் சொன்னாரு? நான் அங்கதான இருந்தேன்?"

"நீங்க ரத்தம் குடுக்கப் போனப்பச் சொன்னாரு. எல்லாத்துக்கும் கேள்வியா கேப்பீக?"

சரி என்றார். கேஸ் அடுப்பில்கூட என்னை நம்பாத மனிதர், அன்றைக்கு நம்பினார்.

எட்டாம் நாள் விலாவில் எரிகிறது என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வரிசையாகக் கொப்புளம். அக்கிதான். எங்கள் பக்கம் அக்கிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் கிடையாது. மண்பானை செய்யும் வேளார் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதுவார். மூன்று நாள் எழுதினால் வாடிவிடும் என்பார்கள். மாயக்கண்ணு வேளார் வந்து கோழி இறகால் எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் எழுத வந்தவர், சட்டையைத் தூக்கியதும் இறகைக் கீழே வைத்துவிட்டார். கொப்புளம் நெஞ்சைத் தாண்டி, கழுத்து, முகமெல்லாம் பரவியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இது நான் எழுதுற அக்கி இல்லத்தா. அக்கின்னா ஒரு பக்கம் நிக்கணும், இது ஒடம்பு பூரா போகுது. வண்டியப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

எழுதிப் பிழைக்கிற அவரே சொன்னார். எனக்குத்தான் உறைக்கவில்லை. அம்மனே முழுசாக இறங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பால்குடம். பாலை அவள் தலையில் ஊற்றிவிட்டால் குளிர்ந்து, இவர் உடம்பை விட்டுப் போய்விடுவாள். வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் அவரைப் படுக்க வைத்தேன். சத்தியப்பிரியா முதலில் எச்சரித்ததே காய்ச்சலைப் பற்றித்தான். அது என் காதில் இருந்துகொண்டே இருந்தது. இருந்தும் நான் போகவில்லை.

காலையில் பால்குடம் எடுத்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அழுத்தம் ஏறுது, அழுத்தம் ஏறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈர மஞ்சள் சேலையோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கிருமி மூளைக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார் டாக்டர் முத்துராமன். மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அவருக்கு நினைவு கொஞ்சம் தெளிந்தது. டாக்டர் குனிந்து கேட்டார்.

"சோணைமுத்து, அந்த வெள்ளை மாத்திரைய விடாமச் சாப்பிட்டீங்களா? நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே?"

அவர் என்னைப் பார்த்தார். வீங்கிப்போன கண்ணின் இடுக்கு வழியாகப் பார்த்தார். என் கையில் இருந்த காப்பைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாந்தான் சார் விட்டுட்டேன்" என்றார். "மறந்து போச்சு."

டாக்டர் ஊசி அட்டையை வாங்கி எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவும் இல்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

துக்கத்துக்கு மில்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். "பாய்லரை அப்படிப் பாத்த மனுசன், சொந்த ஒடம்புல இப்பிடி அசால்ட்டா இருந்துட்டாரே" என்றார் மேஸ்திரி. என் நாத்தனார், "என் தம்பிக்குக் கிறுக்கா புடிச்சுச்சு? ஒரு மாத்திரையத் திங்கிறதுக்கு மறதியா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். எல்லாரும் அவரைத்தான் ஏசினார்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் செத்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்த மாத்திரை அட்டையையும் ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறினேன். ஊசி போடும் அறையில் சத்தியப்பிரியா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மனசத் தேத்திக்கங்க. அண்ணே மறந்துட்டாக. நீங்க என்ன செய்வீக?"

மாத்திரை அட்டையை அவள் கையில் வைத்தேன். பத்து நாள் மாத்திரை, இருபதும் உடைக்காமல் இருந்தது.

"அவுக மறக்கல. கேட்டாக. நாந்தான் டாக்டரு பேரைச் சொல்லி ஏமாத்துனேன். காப்புக் கட்டிக்கிட்டு அம்மைக்கு மாத்திரை குடுக்க எனக்கு மனசு வரல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. மாத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு, "நானும் அம்மைன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். காப்புக் கட்டுவீகளான்னு கேக்கலயேக்கா" என்றாள். அவளும் அழுதாள்.

ஊசி அட்டையைப் பிரித்தேன். பதினோரு ஊசி. வலது, இடது, வலது, இடது. அதற்குக் கீழே டாக்டரின் கையெழுத்தில், நோயாளி மாத்திரையை மறந்துவிட்டார் என்று இருந்தது.

"இதை அடிச்சு எழுதுத்தா."

"பைலெல்லாம் முடிச்சுட்டாகக்கா. இனி எழுதி என்ன ஆகப் போகுது?"

"டாக்டருட்டயும் நானே சொல்றேன். அடுத்து வர்றவள்ட்ட நீ கேக்கணும்ல, அதுக்கு எழுது. பொண்டாட்டி நிப்பாட்டுனான்னு எழுது. எதுக்கு நிப்பாட்டுனான்னும் எழுது."

அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். நான் சொன்னதை எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள். கீழே கையெழுத்துப் போட்டேன்.