குழி என்றே எழுதியிருக்கலாம்

தெருவில் மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்கப் போட்ட வரைபடத்தில் அவள் முதலில் எழுதியது 'மழைக்குழி' என்றுதான். தெருக்காரர்கள் குதித்தார்கள். "எங்க வாசல்ல குழியா? நல்லா இருக்கு போங்க!" பேரில் என்ன கிடக்கிறது என்று அதை அடித்துவிட்டு 'மழைத்தோட்டம்' என்று எழுதினாள் மகராசி. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தெருவின் பள்ளக் கோடியில் அவளுடைய அக்கா வீடு. ஒவ்வொரு பெருமழைக்கும் உள்ளே முழங்கால் தண்ணீர். நாலு தையல் மிஷினையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டுக் காவல் இருப்பாள் அக்கா. இந்த வருஷம் வீட்டையே மாற்றக் கிளம்பியவளை மகராசிதான் நிறுத்தினாள்.

"நான் போட்ட டிசைன்க்கா. தெருத்தண்ணி பூரா மேட்டுலயே மண்ணுக்குள்ள இறங்கிடும். உன் வாசப்படிகூட நனையாது."

டிசைனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரோட்டைவிட ஓரடி தாழ்ந்த பாத்திகள், தண்ணீரைச் சட்டென்று குடிக்கிற மணல் கலந்த மண், தண்ணீர் நுழைய ஓரக்கல்லில் திறப்பு. எல்லாவற்றையும் போன மாதம் அவளே அளந்து பார்த்தாள். அதற்கப்புறம் வேறு வேலைக்குப் போனவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு மழை பிடித்தது. குடையும் பெருமையுமாக வந்து பார்த்தால், ஐயோ, பாத்தியெல்லாம் மேடாக நிற்கிறது! களிமண்ணைக் கொட்டித் தட்டி, மேலே பூச்செடி வேறு. தண்ணீர் திறப்புவரை வந்து, முட்டி, பள்ளத்தைப் பார்த்து ஓடியது.

பாத்தி வேலையைச் செய்த மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "யாரைக் கேட்டு மண்ணைக் கொட்டினீங்க?"

"தோட்டம்னு போர்டு வெச்சிருக்கு, பள்ளமா கிடந்தா பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களாம்மா? திறப்பு விழாவுக்குன்னு நானே எட்டு லோடு இறக்கினேன். குழின்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா தொட்டிருப்பேனா?" ஒரு சபாஷுக்குக் காத்திருந்தார் அந்த மனுஷன். அவள் போனை வைத்தாள். யாரைத் திட்டுவது, எழுதின கையையா?

ஓடினாள். அக்கா வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. கட்டில் காலியாகக் கிடந்தது. நாலு மிஷினும் தரையிலேயே நின்றன, மோட்டார்கள் தண்ணீருக்கு அடியில்.

"தூக்கி வெக்கலையாக்கா?"

அக்கா நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"வருஷா வருஷம் வானத்தைப் பாத்துத் தூக்கி வெப்பேன். இந்த வருஷம் உன்னை நம்பி விட்டுட்டேன். போ, போய் உன் தோட்டத்தைப் பாரு."