வாடாமல்லி நிறக் கூடு

எங்கள் பேட்டையான மர்பி டவுனில் இந்தப் புழு ஊராத சுவர் கிடையாது. வெள்ளரி விதை அளவில் ஒரு கூடு, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் புழு தனக்குத் தோன்றிய பக்கம் தலையை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வளர வளர, தின்கிற நூலையே ஒட்டிக் கூட்டைப் பெரிதாக்கும். எங்கள் வீட்டில் கிடைப்பது தூசியும் தலைமுடியும்தான். அதனால் எல்லாக் கூடும் சாம்பல் நிறம். துடைப்பத்தால் தட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அன்று பரணுக்குக் கீழே ஊர்ந்த கூட்டில் மட்டும் வாடாமல்லி நிறத்தில் ஒரு வளையம் இருந்தது.

அந்த நிறத்தில் எனக்கு ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் உத்தமனின் முதல் சம்சாரம் ரூபினி, மாலை போட்ட படத்தில் கட்டியிருக்கிறாளே, அந்தப் புடவையின் நிறம். அவள் செத்து நாலு வருஷம். அவளுடைய சாமான் எல்லாவற்றையும் அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டதாக என்னிடம் சொன்ன மனுஷன் இவர். வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவள் என்றால் தெருவில் இழுத்துப்போட்டுக் கேட்கலாம். செத்தவளுக்கு வயசும் ஏறாது, சாம்பாரில் உப்பும் ஏறாது.

ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பழைய சூட்கேஸைத் திறந்ததும் ஒரு அந்துப்பூச்சி வெளிச்சத்துக்குப் பயந்து மூலைக்கு ஓடியது. சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். மங்கிய பழுப்பு இறக்கை, அதில் கரும்புள்ளிகள், ஓரமெல்லாம் மெல்லிய முடி. அந்தக் கூட்டில் ஊரும் புழு வளர்ந்தால் இதுதான். புழுவாக இருக்கும்போது தின்றதோடு சரி. அதே கூட்டுக்குள் தூங்கி, இறக்கை முளைத்து வந்த பிறகு அதற்குச் சாப்பாடே இல்லை. முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டையிட நல்ல இடமாகத்தான் பார்த்திருந்தது. வாடாமல்லி நிறக் கம்பளிச் சால்வை ஒன்று, முழுக்க ஓட்டை. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.

சாயங்காலம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவர் முன்னால் அதைப் போட்டேன்.

"இது யார் போத்திக்கினது?"

அவர் உட்கார்ந்துவிட்டார். "யாரும் போத்திக்கல பாஞ்சாலி. குளிருது குளிருதுன்னு சொல்லிக்கினே இருந்தா. வாங்கினு வந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க. குடுக்கவே இல்ல."

அவள் போர்த்திய சால்வை என்றால் முடிந்துபோன கதை என்று விட்டிருப்பேன். இதை இவர் இன்னும் கொடுக்கக் காத்திருக்கிறார். எனக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. சால்வையை எடுத்து உதறினேன்.

"அப்போ எனக்குக் குடுங்க."

"ஓட்டையா இருக்குதே. புதுசா வேற வாங்கித் தரேன்."

"எனக்கு இதான் வேணும்."

ஓட்டையும் அதுவுமாகப் போர்த்திக்கொண்டு அவரோடு அல்சூர் மார்க்கெட்டுக்கு நடந்தேன். டிசம்பர் காற்று ஒவ்வொரு ஓட்டையிலும் புகுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சால்வையையே பார்த்துக்கொண்டு வந்தார். கோயில் திருப்பத்தில் நின்று அதை என் கழுத்துவரை இழுத்து மூடினார். கல்யாணமாகி முதல் தடவையாகக் கேட்டார்.

"குளிருதா?"

யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

"ஆமாங்க," என்றேன். "எனக்குக் குளிருது."