பீலித் தண்ணீர் நல்ல தண்ணீர்

இரண்டு போத்தல்களில் தண்ணீர் எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றில் மட்டும் சீனி கரைத்திருந்தேன். எதில் சீனி என்று கேட்டால், பாலர் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் உற்றுப் பார்த்துவிட்டு விழித்தார்கள். குடித்துப் பார்க்கச் சொன்னதும் அடித்துப் பிடித்துக்கொண்டு போத்தலைக் காலியாக்கினார்கள். கிருமியும் இப்படித்தான் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், நன்றாகக் கொதிக்க வைத்தால் செத்துப்போகும் என்றேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வந்த இரண்டு வருடத்தில் நான் நடத்திய உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

மறுவாரமே அந்த வகுப்புப் பிள்ளை மாரியாயி, தன் தாய் பெரியாயி தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கிவிட்டதாகப் பெருமையோடு வந்து சொன்னாள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டியவள், அதற்கும் முன்னால் எழுந்து, தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய ஈர மிளாறுக் குச்சிகளை ஊதி ஊதி எரித்து, குழாய்ப் பீலியில் பிடித்த தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் காய்ச்சி ஆற்றிவைப்பாளாம். தொழிலாளர் குடியிருந்த அந்த லயத்தில் டீச்சர் சொன்னால் வேதவாக்கு. அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் இன்ஸ்பெக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா பள்ளியைப் பார்க்க வந்தார். என்னைப் போல யாழ்ப்பாணத்தார். கூடவே தோட்டத்தை நடத்தும் தொரையும் வந்து நின்றார். பள்ளி அவருடையது. என் வேலையும் நான் குடியிருந்த வீடும் அவர் கையில். நல்ல பேர் வாங்கும் ஆசையில் அதே போத்தல் பாடத்தை மறுபடி நடத்தினேன். கிருமி தண்ணீருக்குள் எப்படி வருகிறது என்று இன்ஸ்பெக்டர் பிள்ளைகளிடம் கேட்டார்.

மாரியாயி எழுந்து நின்றாள். "மேல தொரை பங்களா மாட்டுக் கொட்டாய் இருக்குங்க. சாணியக் கழுவி ஓடையில விடுறாங்க. அந்தத் தண்ணிதாங்க எங்க லயத்துப் பீலிக்கு வருது."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தானாகவே யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறது. ஒரு டீச்சர் அந்த இடத்திலேயே அவளைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். நானோ திரும்பித் தொரையின் முகத்தைப் பார்த்தேன். தொரைக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

"உண்மையோ?" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"இல்லை ஐயா. பிள்ளை விளங்காமல் பிழையாச் சொல்லுது. பீலித் தண்ணி நல்ல தண்ணி."

அந்த ஓடையை நானே பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் சொன்னேன். மாரியாயி உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் என் வீட்டுக் கூரைக்குத் தொரை புதுத் தகரம் போட்டுக்கொடுத்தார்.

பெரியாயியிடமாவது போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒருநாள் மழை, ஒருநாள் தலைவலி. சாக்குக்கா பஞ்சம்? யாராவது தொரையின் காதில் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. மூன்று வாரம் போனது. குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்கத்துக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் காம்பராவுக்குள் பெரியாயி சுவரில் சாய்ந்திருந்தாள். மாரியாயி தனியாக ஒரு மூலையில் கிடந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"நாந்தாங்க அடிச்சேன்," என்றாள் பெரியாயி. "பீலித் தண்ணி நல்லதுதான், டீச்சரே சொல்லிட்டாங்கன்னு வந்து சொன்னா. அதை நம்பித்தாங்க காய்ச்சறத நிறுத்தினேன். நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. பொய் சொல்லிட்டா பாவி."

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியாயி மட்டும் பார்க்கவில்லை.

"அவள் பொய் சொல்லேல்லை," என்றேன். "நான்தான் சொன்னனான்."

பெரியாயிக்கு அது உடனே விளங்கவில்லை. சுவரிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்.

"படிச்சவங்க நீங்க. தெரியாமச் சொல்லிட்டீங்களா?"

தலையாட்டியிருந்தால் அவள் என்னை மன்னித்திருப்பாள்.

"தெரிஞ்சுதான்," என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. தவழ்ந்து போய் மாரியாயியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வீங்கிய கன்னத்தைத் தடவித் தடவி அழ ஆரம்பித்தாள். அங்கே எனக்கு இனி இடமில்லை. எழுந்து வெளியே வந்தேன்.