மேல் வால்வை மூடியவள்

அணு உலைக்கு அனுப்பும் முன் வால்வுகளைச் சோதிக்கும் கூடம் அது. உருகிய சோடியம் ஓடும் குழாய்களுக்கு வால்வு வடிவமைப்பவள் அவள். அன்று சோதனையில் இருந்ததும் அவளுடையதுதான். அவள் அண்ணன் அங்கே தீயணைப்பு வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் எரியும் வீடுகளில் தண்ணீர் அடித்தே பழகியவன்.

வால்வுக்குள் சோடியம் உறைந்து கிடந்தது. சூடேற்றி, முழுக்க உருகிய பிறகுதான் திருப்ப வேண்டும். எல்லோரும் மொட்டை என்று கூப்பிடும் ஆபரேட்டருக்குப் பொறுமை கிடையாது.

"இன்னும் உருகலை, கை வைக்காதீங்க."

"தொட்டாச் சிணுங்க உங்க வால்வு என்ன புதுப்பொண்ணா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே, சக்கரத்தில் இரும்புக் குழாயை மாட்டித் தம் பிடித்து இழுத்தான்.

வால்வுக்குள் கசிவைத் தடுக்கும் மெல்லிய உலோக உறை படீரென்று கிழிந்தது. அடைப்புக்குப் பின்னால் தகித்துக்கொண்டிருந்த சோடியம் பீய்ச்சி அடித்தது. காற்று பட்டதும் மஞ்சளாய்ப் பற்றிக்கொண்டது. மொட்டையின் வலது கால் முழங்கால் வரை எரிந்தது. அவன் அலறியபடி தரையில் உருண்டான். கூடம் வெள்ளைப் புகையில் மூழ்கியது.

அண்ணன் யோசிக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணா, தண்ணி வேண்டாம்! வெடிச்சிடும்!"

அவன் காதில் விழவில்லை. அவள் கையில் கிடைத்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"பேயாடி நீ?" இன்னொரு கையால் அவன் விட்ட குத்தில் அவள் பல் தெறித்து, வாயெல்லாம் ரத்தம் வந்தது.

கீழே விழுந்த குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. தரையில் எரிந்துகொண்டிருந்த ஒரு துளியை அது தொட்டதும் வெடிச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. அண்ணன் சிலையாய் நின்றான்.

"அந்த வாளியில சோடியம் தீயை அணைக்கிற பவுடர் இருக்கு, கொட்டு!" என்று அவள் கத்தினாள்.

ஒற்றைக் கையால் வாளியை இழுத்து வந்து மொட்டையின் கால்மேல் பவுடரைக் கவிழ்த்தான். அவள் புகைக்குள் புகுந்து, சோடியம் வரும் வழியை அடைக்கும் மேல் வால்வின் சக்கரத்தைத் திருப்பினாள். இரும்பு கொதித்தது. கையுறை கருகி உள்ளங்கையோடு ஒட்டியது. அவள் விடவில்லை. பீய்ச்சல் மெலிந்து, கடைசியில் நின்றது.

ஆஸ்பத்திரியில் மொட்டையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. அவன் மனைவி வந்ததும் வராததுமாய் அவளை ஓங்கி அறைந்தாள்.

"நீ பண்ணின சனியன்தானே எம் புருஷன் காலைத் தின்னுச்சு?"

"யம்மா, உன் புருஷன்தான்..." என்று கட்டுப் போட்ட கையோடு அண்ணன் எழுந்தான். தங்கை அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்புறம் சொல்லிக்கலாம்ணா," என்றவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "கண் முழிச்சிட்டாரு. உங்களைத்தான் கேட்டாரு. போய்ப் பாருங்க."

மொட்டையின் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றான் அண்ணன்.

"எந்த அடியைக் கேக்கிறே?"

அவனால் சிரிக்க முடியவில்லை. நல்ல கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு அழுதான்.